ஹீட்டிங் எஞ்சினியர் ஆகணுமா? முதல்ல அந்தக் கார்டைத் திருப்பிப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

டிகிரியை நம்பாமல் கைத்தொழிலை நம்பி வெளிநாட்டில் பிழைப்பது பற்றி முன்பு ஒரு எபிசோட் பேசினேன், ஞாபகம் இருக்கலாம். அதில் போகிற போக்கில் ‘நான் லண்டன்ல ஹீட்டிங் எஞ்சினியர்’ என்று ஒரு வரி சொன்னேன். அதற்கப்புறம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எவ்வளவு சம்பளம்? ஆறு வாரக் கோர்ஸ் போதுமா? எஞ்சினியர்னா பி.இ. முடிச்சிருக்கணுமா? பிளம்பர் வேலையைத்தான் இப்படி ஸ்டைலாச் சொல்றீங்களா?

கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நம்ம ஊரில் எஞ்சினியர் என்றால் நாலு வருஷக் காலேஜ், ஒரு பட்டம், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து. கையில் ஸ்பானர் பிடித்தால் மெக்கானிக். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே ‘எஞ்சினியர்’ என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ண வருகிறவரும் எஞ்சினியர்தான். திருச்சிப் பக்கம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தபோது எங்களை யாரும் எஞ்சினியர் என்று கூப்பிட்டதில்லை. இப்போது பிறர் வீட்டுச் சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டு பாய்லரின் அடிவயிற்றைப் பார்க்கிறேன், ‘எஞ்சினியர் வந்திருக்கார்’ என்கிறார்கள்.

ஆக, பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். கேஸைத் தொடுவதற்குத்தான் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் வீட்டில் கேஸ் வேலை செய்து காசு வாங்க வேண்டுமானால் ‘கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்’ என்ற பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 வரைக்கும் ‘கோர்கி’ என்ற அமைப்பு இதைப் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு இது. பதிவு இல்லாமல் கை வைத்தால் குற்றம். அபராதத்தோடு போகும் விஷயம் இல்லை, ஜெயிலுக்கும் அனுப்பலாம்.

பதிவு செய்தவர்களுக்கு ஒரு அடையாள அட்டை தருவார்கள். முன்பக்கம் போட்டோ, எண், எந்தத் தேதி வரை செல்லும் என்கிற விவரம். முக்கியமானது பின்பக்கம்தான். இவர் எதையெல்லாம் தொடலாம் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும். பாய்லர் இருக்கா? அடுப்பு இருக்கா? கேஸ் ஃபயர் இருக்கா? பாய்லருக்குத் தகுதி உள்ளவர் அடுப்பைத் தொடக் கூடாது, அது பட்டியலில் இல்லையென்றால். நீங்கள் லண்டனிலோ கோவென்ட்ரியிலோ மாணவராக வாடகைக்கு இருந்தால், அடுத்த முறை யாராவது வரும்போது கார்டை வாங்கித் திருப்பிப் பாருங்க. நல்ல எஞ்சினியர் கோபப்பட மாட்டார்.

குளிர் நாட்டில் வீட்டுக்குள் ஒரு பாய்லர்

சென்னையில் இருந்து கேட்பவர்களுக்கு இது கொஞ்சம் அந்நியமாக இருக்கும். நமக்கு பாய்லர் என்றால் சாயப்பட்டறை, ரைஸ் மில், இல்லாவிட்டால் டீக்கடை. பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒன்று தொங்குகிறது. குழாயில் வருகிற இயற்கை எரிவாயுவை எரித்து, தண்ணீரைச் சூடாக்கி, ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்குள் சுற்ற விடும். குளிக்கிற வெந்நீரும் அதே பெட்டிதான்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வேலை அதில்தான் இருக்கிறது. நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறக்கிறீர்கள். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் சுற்றி, தண்ணீர் ஓடுது என்று சர்க்யூட் போர்டுக்குச் சொல்கிறது. முதலில் ஃபேன் ஓடும். பிறகு ஸ்பார்க் விழும், கேஸ் வால்வு திறக்கும். தீ பற்றியதா என்பதை போர்டு எப்படித் தெரிந்துகொள்கிறது தெரியுமா? தீயின் வழியாகவே மின்சாரம் பாயும். மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ரொம்ப ரொம்பச் சின்ன ஓட்டம். அது வந்தால் தீ இருக்கு. வரவில்லை என்றால் சில நொடிகளில் கேஸை மூடிவிடும். அப்புறம் திரையில் ஒரு எரர் கோடு.

இங்கேதான் இரண்டு வகை ஆட்கள் பிரிகிறார்கள். எரர் கோடைப் பார்த்து, ‘தீ சிக்னல் இல்லை, போர்டு போச்சு’ என்று சொல்லி 200 பவுண்டுக்கு மேல் ஒரு புது போர்டு மாற்றுகிறவர் ஒரு வகை. இன்னொருவர் முதலில் காதைக் கொடுத்துக் கேட்பார். உள்ளே குடுகுடுவென்று தண்ணீர்ச் சத்தம் வருதா? வந்தால் புகையிலிருந்து குளிர்ந்து இறங்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. அந்த அடைப்பை எடுத்தால் தீ ஒழுங்காகப் பற்றும். செலவு ஒரு வாளி, ஒரு துணி, அரை மணி நேரம். ஒரே எரர் கோடு, இரண்டு பில்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது என்று கேட்பீர்கள். 2005-லிருந்து இங்கிலாந்தில் புதிதாக மாட்டுகிற பாய்லர்கள், சில விதிவிலக்குகள் போக, ‘கன்டென்சிங்’ வகையாக இருக்க வேண்டும். கேஸ் எரிந்தால் நீராவியும் வரும். பழைய பாய்லர் அதை அப்படியே வானத்துக்கு அனுப்பிவிடும். இது அந்த நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, அதிலிருக்கும் வெப்பத்தையும் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வருகிற தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். லண்டனில் எத்தனையோ வீடுகளில் பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கன்டென்சிங் பாய்லர் வாங்கி, அதைக் கன்டென்ஸ் ஆக விடாமல் ஓட்டுகிறார்கள். பில்லைக் கட்டுபவருக்கு இது தெரியாது. மாட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு இலவசத் தகவல்: கடும் பனி விழுந்த காலையில் பாய்லர் திடீரென்று நின்றால், அந்தத் தண்ணீர் வெளியேறும் பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றினால் இளகும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் இருந்தால் நீங்களே செய்யாதீங்க. இதைச் சொன்னதால் எனக்கு இந்தக் குளிர்காலத்தில் சில நூறு பவுண்டு நஷ்டம், பரவாயில்லை.

உள்ளே நுழைவது எப்படி

என் மனைவி நர்ஸ். அவருக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் 2017-ல் வந்தோம். நான் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். பகலில் தூங்குகிற நேரத்தில் வீட்டு பாய்லர் ரிப்பேர் ஆனது; வந்தவர் ஜலந்தர் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், நிறையக் கேள்வி கேட்டேன். போகும்போது, ‘உனக்கு வேலை வேணுமா, கேள்வி வேணுமா?’ என்றார். அடுத்த வாரத்திலிருந்து சனி ஞாயிறுகளில் அவருக்குக் கையாள்.

இது என் வழி. பொதுவான வழி அப்ரன்டிஸ்ஷிப். பள்ளி முடித்ததும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்வது. பிளம்பிங்கும் ஹீட்டிங்கும் சேர்ந்த பயிற்சி சுமார் நாலு வருஷம். கேஸ் மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. என்னை மாதிரி வயசு போன பிறகு வருகிறவர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. ஒரு பயிற்சி மையத்தில் சில வாரம் படிப்பு. பிறகு பதிவு பெற்ற எஞ்சினியர் ஒருவரின் கண்காணிப்பில் நிஜ வீடுகளில் வேலை. செய்த ஒவ்வொன்றுக்கும் போட்டோவும் குறிப்பும் வைத்து ஒரு ஃபைல் தயாரிக்க வேண்டும். அதற்கப்புறம் ‘ஏ.சி.எஸ்.’ என்ற தேர்வு. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. அடிப்படைப் பாதுகாப்புக்கு ஒன்று, பாய்லருக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என்று தனித்தனி. அதையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி எழுதணும். இருபது வருஷ சர்வீஸ் உள்ளவரும் எழுதணும்.

‘ஆறு வாரத்தில் கேஸ் எஞ்சினியர்’ விளம்பரம் இந்த இரண்டாவது பாதையைத்தான் பாதியாக வெட்டி விற்கிறது. வகுப்பு ஆறு வாரத்தில் முடியும், அதில் பொய் இல்லை. ஆனால் யார் உங்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவார்? அதை அவர்கள் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கில் பவுண்டு கட்டிவிட்டு, ஃபைலை நிரப்ப ஆள் கிடைக்காமல் ஒரு வருஷம் நிற்கிற பையன்களை எனக்குத் தெரியும். எனவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் கூட்டிப்போக ஆள், அப்புறம் கோர்ஸ். இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் குறுகிய கோர்ஸைக் காட்டி விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் காசு கொடுக்காதீங்க.

எனக்குக் கார்டு வர பதினாலு மாதம் ஆனது. அந்தப் பெரியவர் முதல் மூன்று மாதம் என்னை கேஸ் பக்கமே விடவில்லை. மீட்டரில் அளவி மாட்டி கசிவு சோதனை செய்வதைப் பார்க்க மட்டும் விட்டார். குழாயில் 20 மில்லிபார் அழுத்தம் ஏற்றி வால்வை மூட வேண்டும். ஒரு நிமிஷம் நிலைக்க விட வேண்டும். பிறகு இரண்டு நிமிஷம் முள் இறங்குதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷம் சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமா என்று நினைப்பீங்க. வீட்டுக்காரர் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருப்பார், போன் அடிக்கும், அடுத்த வீட்டுக்கு லேட் ஆகியிருக்கும். பெரியவர் அந்த இரண்டு நிமிஷமும் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார்.

அணைக்க வேண்டிய இரவு

சம்பளக் கேள்விக்கு வருவதற்கு முன்னால் இதைச் சொல்லியே ஆகணும். இந்த வேலையில் உங்களுக்குக் காசு தருவது பைப்பை இணைக்கிற திறமைக்காக மட்டும் இல்லை.

பிரிட்டனில் வீட்டை வாடகைக்கு விடுபவர், பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை தன்னுடைய கேஸ் சாதனங்களைப் பதிவு பெற்ற எஞ்சினியரை வைத்துச் சோதிக்க வேண்டும். அதன் பதிவை 28 நாட்களுக்குள் வாடகைக்காரரிடம் தர வேண்டும். 1998-ல் வந்த விதி. நாங்கள் போட்டுத் தருவது ஒரு பக்கப் படிவம்தான். அதன் அடியில் ஒரு கையெழுத்து. கம்பெனிக் கையெழுத்து கிடையாது. என் பெயர், என் பதிவு எண்.

ஒரு ஜனவரி மாலை, கிழக்கு லண்டனில் ஒரு பழைய செங்கல் வீடு. கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம், யாழ்ப்பாணத்துக்காரர்கள். கைக்குழந்தை ஒன்று, அதற்குச் சளி. சமையலறையில் பழைய காலத்து பாய்லர். இப்போதைய பாய்லர்கள் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியாக எடுத்துக்கொள்ளும். அது அறைக்குள் இருக்கிற காற்றை எடுத்து எரித்து, புகையைச் சிம்னிக்கு அனுப்புகிற வகை. அதற்குக் காற்று வர வேண்டும் என்று சுவரில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். குளிர் காற்று வருது என்று யாரோ அந்த ஓட்டையில் துணியைத் திணித்திருந்தார்கள். சமையலறையில் புகை இழுக்கப் புதிதாக ஒரு பெரிய ஃபேன் வேறு.

எக்ஸாஸ்ட் ஃபேன் நல்ல பொருள்தான். ஆனால் அது காற்றை எங்கிருந்தாவது இழுத்தாக வேண்டும். வேறு வழி இல்லை என்றால் சிம்னியிலிருந்தே இழுக்கும், பாய்லர் புகையையும் சேர்த்து.

கதவு ஜன்னல் எல்லாம் மூடி, ஃபேனைப் போட்டு, பாய்லரை ஓட விட்டு, புகைக்குச்சியைக் கொளுத்திப் பாய்லரின் மேல்வாயில் பிடித்தேன். புகை மேலே போக வேண்டும். என் முகத்துக்கு வந்தது. துணியை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்பவும் வந்தது.

கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. சமையல் கேஸில் நாற்றம் வருவது கண்டுபிடிப்பதற்காகச் சேர்ப்பது; இதற்கு யாரும் எதையும் சேர்க்க முடியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், ஜலதோஷம் மாதிரி அசதி. வெளியே போனால் சரியாகும், வீட்டுக்கு வந்தால் மறுபடி வரும். குளிர்காலத்தில் இதை எல்லோரும் ஃப்ளூ என்றுதான் நினைப்பார்கள்.

நான் அந்த அம்மாவிடம், பாய்லரை நிறுத்தப் போகிறேன் என்று சொன்னேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றார்.

“தம்பி, பிள்ளைக்குச் சளி. இண்டைக்கு ஒரு இரவு மட்டும் விட்டுடுங்கோ. நாளைக்கு வந்து கழட்டுங்கோவன்.”

“இல்லைங்கக்கா. இன்னைக்கு ராத்திரிதான் ஜன்னலை எல்லாம் மூடிட்டுத் தூங்குவீங்க.”

வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கும் அதே வாக்கியம்தான் வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்காக. இவ்வளவு வருஷமா ஓடுதே, நீங்க மட்டும் என்ன புதுசாச் சொல்றீங்க, பாஸ்னு போட்டுக் கொடுங்க, அடுத்த மாசம் மாத்திடறேன் என்றார். போட்டுக் கொடுக்கிற வேறு ஆள் எனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

எங்கள் நடைமுறையில் இதற்கு ‘உடனடி அபாயம்’ என்று பெயர். ஒரு விஷயம் வெளியே பலருக்குத் தெரியாது: வீட்டில் இருப்பவர் சம்மதம் இல்லாமல் நான் கேஸைத் துண்டிக்க முடியாது. எனக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும். வருகிறவர்களுக்குத் துண்டிக்கிற அதிகாரம் உண்டு. ஆகவே இந்த வேலையின் ரொம்ப முக்கியமான கருவி, குளிரில் நடுங்குகிற ஒருவருக்குப் புரிகிற மாதிரி விளக்கிச் சொல்கிற வாய். எந்தக் கோர்ஸிலும் அதற்கு ஒரு மதியம்கூட ஒதுக்கியதை நான் பார்க்கவில்லை.

அந்தக் குச்சியை இன்னொரு தரம் கொளுத்தி அவரையே பார்க்கச் சொன்னேன். புகை திரும்பி வருவதைப் பார்த்தார். “நிப்பாட்டுங்கோ” என்றார். வால்வை மூடி, இணைப்பைத் துண்டித்து அடைத்து, ‘அபாயம், பயன்படுத்த வேண்டாம்’ அட்டையைக் கட்டி, எச்சரிக்கைப் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். வேனில் குளிர்காலம் முழுக்க இரண்டு எலெக்ட்ரிக் ஆயில் ஹீட்டர் வைத்திருப்பேன். இரண்டையும் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்காரர் அந்த வேலைக்குக் காசு தரவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவும் இல்லை.

இப்படிப்பட்ட இரவு மாதத்துக்கு ஒன்று வரும் என்று பயப்படாதீங்க. எப்போதாவதுதான். ஆனால் வருகிற அன்று உங்களுக்கு மாதத் தவணை பாக்கி இருக்கும், எதிரே நிற்பவர் உங்கள் பாஷை பேசுவார், ஒரு கையெழுத்து போட்டால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். இதைத் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டு வாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1-லிருந்து, பாய்லர் மாதிரி நிரந்தரமாக எரியும் சாதனம் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. இல்லையென்றால் கேளுங்க. தருவதற்குள் நீங்களே ஒன்று வாங்கி மாட்டிக்கோங்க.

சரி, காசு

தனியாகத் தொழில் செய்யும் நான் ஒரு பாய்லர் சர்வீஸுக்கு 90 பவுண்டு வாங்குகிறேன். ஒரு நாளில் ஐந்து செய்யலாம். உடனே மனசுக்குள் 450-ஐ 25-ஆல் பெருக்காதீங்க. வேன், அதற்கு இன்சூரன்ஸ், தொழில் இன்சூரன்ஸ், பதிவுக்கு வருஷச் சந்தா, புகையை அளக்கிற கருவிக்கு வருஷா வருஷம் அளவுச் சரிபார்ப்பு. லண்டனில் வேனை உடைத்துக் கருவி திருடுவது தனித் தொழிலாகவே நடக்கிறது. ஜூன், ஜூலையில் போன் அடிக்காது. டிசம்பரில் சாப்பிட நேரம் இருக்காது. நன்றாக வாழலாம், பணக்காரர் ஆக நாளாகும். கம்பெனியில் வேலைக்குப் போனால் கையில் வருவது குறைவு, ஆனால் இரவுத் தூக்கம் கூடுதல். இரண்டு வருஷமாவது கம்பெனியில் இருந்துவிட்டுத் தனியாக வருவது நல்லது என்பது என் கருத்து.

பாய்லருக்கு அப்புறம் என்ன

‘கேஸே போகப்போகுதே, இப்ப போய் இதைக் கத்துக்கலாமா?’ நியாயமான கேள்வி. 2028-க்குள் வருஷத்துக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் மாட்டுவது என்று 2020-ல் அரசாங்கம் இலக்கு வைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்டு மானியம் கொடுத்தார்கள், 2023 அக்டோபரில் அதை 7,500 ஆக்கினார்கள். ஆனாலும் பாய்லர் நாளைக்கே மறையாது. முன்னுதாரணம் ஒன்று இருக்கு. 1967 முதல் 1977 வரை அந்த நாடு நிலக்கரியிலிருந்து எடுத்த கேஸை விட்டு, வட கடலில் கிடைத்த இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. தெருத்தெருவாகப் போய் சுமார் 4 கோடி அடுப்பு, ஹீட்டர்களின் பர்னர்களை மாற்றினார்கள். அதற்குப் பத்து வருஷம் ஆனது, அதுவும் ஒரே அமைப்பு முன்நின்று நடத்தியதால். இப்போது வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்.

ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யைத் திருப்பி வைத்த மாதிரி. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே விடும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், சரியாக மாட்டினால். அந்த ‘சரியாக மாட்டினால்’தான் தொழில். பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைவிடச் சுமார் நாலு மடங்கு விலை. மோசமாக மாட்டினால் பழைய பாய்லரைவிடப் பில் கூடும், வீடும் குளிரும்.

காரணம், தண்ணீரின் சூடு. பாய்லர் 70 டிகிரித் தண்ணீரை அனுப்பும், ஹீட் பம்புக்கு 45, 50 தான் சௌகரியம். 20 டிகிரி அறையில் 70 டிகிரித் தண்ணீரோடு 1,000 வாட் தருகிற ரேடியேட்டர், 50 டிகிரித் தண்ணீரோடு பாதிதான் தரும். அப்படியானால் எந்த அறைக்கு எத்தனை வாட் வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். பழைய செங்கல் சுவர் 10 சதுர மீட்டர் இருக்கு, உள்ளே 21, வெளியே மைனஸ் 2. வித்தியாசம் 23 டிகிரி. அந்த வகைச் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 2 வாட் விடும். 10-ஐ 23-ஆல், பிறகு 2-ஆல் பெருக்கினால் 460 வாட் அந்தச் சுவர் வழியாக மட்டும் போகிறது. இப்படி ஜன்னல், தரை, கூரை, காற்றுக் கசிவு என்று அறை அறையாகக் கணக்குப் போட வேண்டும்.

பாய்லர் காலத்தில் இதை யாரும் போடவில்லை. எட்டு கிலோவாட் போதும் என்கிற வீட்டில் முப்பது கிலோவாட் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். குளித்தால் வெந்நீர் வரணும், அவ்வளவுதான் கணக்கு. ஹீட் பம்பில் அந்தச் சலுகை இல்லை. பிளஸ் டூவில் பிசிக்ஸ் பிடித்த பையனுக்கும் பொண்ணுக்கும் இப்போதுதான் இந்தத் தொழிலில் மரியாதை வருது என்பேன். நம்ம ஊர் ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் டிரேடு முடித்தவர்களுக்கு இன்னொரு அனுகூலம்: கம்ப்ரஸரும் ரெஃப்ரிஜரண்டும் அவர்களுக்குப் பழகின விஷயம். இருபது வருஷம் கேஸ் பார்த்த என் நண்பர்கள் அதைத்தான் இப்போது முதலிலிருந்து படிக்கிறார்கள்.

பொண்ணுங்க வரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தாங்க. தாராளமாக. பெண்கள் தனியாக இருக்கிற வீடுகளில் பெண் எஞ்சினியரைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். இப்போதைக்கு எண்ணிக்கை ரொம்பக் குறைவு. பாய்லரைச் சுவரில் தூக்கி மாட்டுவதற்கு யாராக இருந்தாலும் இரண்டு பேர் வேண்டும்.

கையாள் வேலை தேடுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் எஞ்சினியர்களுக்குப் போன் போடாதீங்க, எடுக்க மாட்டோம். ஏப்ரல், மே மாதம் போடுங்க. சனிக்கிழமை ஒரு நாள் சும்மா கூட வரட்டுமா என்று கேளுங்க. வரும்போது முழங்கால் பேடு ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்க. நல்லதா வாங்குங்க, மலிவானது ஒரு மாதத்தில் கிழிஞ்சிடும்.